நெர்ஹாவுக்குப் போகிறீர்களா? என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

தெற்கு ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நெர்ஹாவில், ஓர் அக்டோபர் மாதம், முழங்கால் வலி உள்ள, சுத்த சைவமான என் அம்மாவோடு ஒன்பது நாள் தங்கியிருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து உறவினரும் நண்பர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

ஆந்தலூசியா மாநிலம், மாலகா மாவட்டம். மாலகா நகரத்திலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எழுத்தைப் பார்த்து "நெர்ஜா" என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஸ்பானிய மொழியில் அந்த எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் "ஹ" ஓசை, ஆகவே நெர்ஹா. பேருந்துச் சீட்டு வாங்கும் இடத்தில் இது உண்மையாகவே உதவும். அரபியர் ஆண்ட காலத்தில் "நரிஹா" என்று அழைத்திருக்கிறார்கள், வற்றாத ஊற்று என்று பொருள் சொல்கிறார்கள். ஊருக்குப் பின்னாலேயே மலை எழுந்து நிற்பதைப் பார்த்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

அந்தக் கடற்கரை முழுக்க ஊர்கள் இருக்கின்றனவே, ஏன் நெர்ஹா?

மாலகாவுக்கு மேற்கே டொரெமோலினோஸ், மார்பெயா பக்கம் எல்லாம் உயரமான ஹோட்டல் கட்டிடங்கள் வரிசையாக நிற்கும். பெரிய நீச்சல் குளம், இரவு முழுக்கக் கொண்டாட்டம், விளையாட்டுப் பூங்கா எல்லாம் வேண்டும் என்றால் அங்கேயே போங்கள், அதில் தவறே இல்லை. நெர்ஹாவில் மலை கடலுக்கு மிக அருகே வந்துவிடுகிறது, அதனால் கடற்கரைகள் சின்னச் சின்னதாக, பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கட்டிடங்களும் அதிக உயரம் போகவில்லை. வெள்ளைச் சுவர் வீடுகள், குறுகிய தெருக்கள். சுற்றுலாதான் இப்போது முக்கியத் தொழில் என்றாலும், மீன் பிடித்தும் கரும்பு பயிரிட்டும் வாழ்ந்த ஊர் இது. அந்தக் கரும்புக் கதையைக் கீழே மறுபடி மறுபடி சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது நான்கு இரவு. மாலகாவிலிருந்து காலையில் வந்து, நெர்ஹா குகையைப் பார்த்து, "ஐரோப்பாவின் பால்கனி" என்ற கடலோர மேடையில் படம் எடுத்து, மாலையில் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்ப்பது ஊரின் மிக நெரிசலான ஆறு மணி நேரத்தை. பகல் கூட்டம் பேருந்து ஏறிய பிறகு, ஏழு எட்டு மணிக்கு உள்ளூர்த் தாத்தா பாட்டிகள் நன்றாக உடுத்திக்கொண்டு வந்து பெஞ்சுகளில் உட்காருவார்கள், பிள்ளைகள் பந்து விளையாடும். அந்த நேரத்துக்காகவாவது தங்குங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஜூலை ஆகஸ்டில் வெயில் 30 டிகிரி அளவில்தான் இருக்கும், நமக்கு அது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் வாடகை ஏறிவிடும், மணலில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். சில நாள் "தெர்ரால்" என்ற காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், மலையில் இறங்கி வரும்போது காய்ந்து சூடாகி அனலாக வந்து சேரும். அன்றைக்கு மட்டும் மதியம் வெளியே போகாமல் இருப்பது நல்லது. குளிர்காலம் மிதமானது, பகலில் 16, 17 டிகிரி, நடப்பதற்கு அருமை, கடலில் இறங்க முடியாது.

விழா பார்க்க ஆசை என்றால் இரண்டு தேதிகள். ஜூன் 23 இரவு சான் ஹுவான், அதாவது புனித யோவான் விழா, கடற்கரை முழுக்க நெருப்பு மூட்டுவார்கள். ஜூலை 16 கார்மென் மாதா திருநாள், மீனவர்களின் காவல் தெய்வமான அந்த மாதாவின் திருவுருவத்தைத் தோளில் சுமந்துபோய்ப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு செல்வார்கள். வேளாங்கண்ணித் தேர் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், ஆனால் கோடை நெருங்கும்போது நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 45. சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பலர் தவறவிடுவது ஒன்று: பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் சித்தப்பா வீட்டில் பத்து நாள், நெர்ஹாவில் நான்கு நாள் என்றால் அது பிரான்ஸ் விசா.

எப்படிப் போய்ச் சேருவது? கார் தேவையா?

இந்தியாவிலிருந்து மாலகாவுக்கு நேரடி விமானம் இல்லை, வளைகுடா நகரங்களிலோ இஸ்தான்புல்லிலோ மாட்ரிட்டிலோ மாறி வரலாம். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் மாலகாவுக்கு வழக்கமாக மூன்று மணி நேரத்துக்குள். லண்டனிலிருந்து நேரடி விமானம் நிறைய உண்டு.

நெர்ஹாவுக்கு ரயில் பாதையே கிடையாது. மாலகா விமான நிலையத்திலிருந்து நேராக நெர்ஹாவுக்கு அல்சா நிறுவனத்தின் பேருந்து ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் விமான நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் ஏறி மரியா சாம்பிரானோ நிலையத்தில் இறங்குங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், பேருந்து நிலையம் பக்கத்திலேயே. அங்கிருந்து நெர்ஹாவுக்கு அடிக்கடி வண்டி உண்டு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். நெர்ஹாவில் பெரிய பேருந்து நிலையத்தை எதிர்பார்க்காதீர்கள், ஊரின் மேல்பக்கச் சாலையோரம் நிறுத்தமும் சீட்டு கொடுக்கும் சிறு கூண்டும்தான்.

ஊருக்குள் கார் தொல்லை. தெரு குறுகல், நிறுத்த இடம் கிடையாது. மலைக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

எங்கே தங்குவது?

பால்கனிக்கு நடந்து போகிற தூரத்தில். கூடவே ஓர் எச்சரிக்கை. நாங்கள் எடுத்த முதல் அறைக்கு "கடற்கரை ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் என்பது உண்மைதான், ஆனால் அது முழுக்கப் படிக்கட்டு, நூறுக்கு மேல் எண்ணினேன், இறங்கிய அம்மாவால் ஏறி வர முடியாமல் பாதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே முன்பதிவுக்கு முன்னால் வீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள்: தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி, லிஃப்ட் இருக்கிறதா, கடற்கரைக்கு இறங்கும் வழி சரிவா படியா. தூரத்தை மட்டும் கேட்டால் இந்த ஊரில் எதுவும் தெரியாது.

கடல் எப்படி? குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் நம் வங்கக் கடலை மனதில் வைத்துக்கொண்டு கால் வைத்தால் அதிர்ச்சியாக இருக்கும். அட்லாண்டிக் தண்ணீர் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக உள்ளே வருவதால் இந்தப் பக்கம் கடல் குளிர்ச்சி. ஆகஸ்டில்கூட 22, 23 டிகிரிதான், மே மாதத்தில் 17, 18. மேற்குக் காற்று வீசினால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீர் விலகி அடியிலிருந்து குளிர்ந்த நீர் வந்துவிடும், நேற்று நன்றாக இருந்த கடல் இன்று பல்லைக் கிட்ட வைக்கும். மணல் சாம்பல் நிறம், கூழாங்கல் கலந்தது, பிள்ளைகளுக்குத் தண்ணீரில் போடுகிற ரப்பர் செருப்பு கட்டாயம் எடுத்துப் போங்கள். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் வந்துவிடும் இடங்கள் உண்டு. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. சில நாள் ஜெல்லி மீன் வரும், காவலரிடம் கேட்டால் சொல்வார்கள்.

பூர்ரியானாதான் பெரிய கடற்கரை, சுமார் 800 மீட்டர் நீளம், சாப்பாட்டுக் கடைகளும் கழிப்பறையும் எல்லாம் இருக்கும். பால்கனிக்கு அடியிலேயே கலாஹோந்தா, சின்னது, மிக அழகு. குடும்பத்தோடு சமதளமாக நடந்து போக வேண்டும் என்றால் மேற்குப் பக்கம் தொர்ரெசியா.

"ஐரோப்பாவின் பால்கனி" என்கிறார்களே, அது என்ன?

கடலுக்குள் துருத்தி நிற்கும் பாறை முனையில் கட்டிய திறந்த மேடை. முன்பு அங்கே கோட்டை இருந்தது, நெப்போலியன் படைகளோடு நடந்த போரின்போது 1812இல் அது தகர்க்கப்பட்டது, பழைய பீரங்கிகள் இன்னும் நிற்கின்றன. 1884 டிசம்பர் 25 இரவு ஆந்தலூசியாவை ஒரு கடும் நிலநடுக்கம் உலுக்கியது. பாதிக்கப்பட்ட ஊர்களைப் பார்க்க 1885 ஜனவரியில் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ, இங்கே நின்று கடலைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரைச் சொன்னார் என்பது ஊர்க் கதை. கம்பியில் சாய்ந்தபடி நிற்கும் அவர் வெண்கலச் சிலையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் வந்தது வீடிழந்த மக்களைப் பார்க்க என்பதை நினைத்துக்கொண்டு அங்கே நின்றேன். அருகே 1697இல் எழுந்த எல் சல்வதோர் தேவாலயம். பால்கனிக்குச் சூரியன் உதிக்கும் நேரத்தில் போங்கள், கட்டணம் எதுவும் இல்லை, அப்போது நீங்களும் தெரு கழுவுகிறவர்களும் மட்டும்தான் இருப்பீர்கள்.

குகை பார்த்தே ஆக வேண்டுமா?

ஆம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1959 ஜனவரி 12 அன்று வௌவால் பிடிக்கப் போன ஐந்து பையன்கள் ஒரு குறுகிய பிளவு வழியாக இறங்கி இதைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், குகைக்குள்ளேயே இசை நடன விழாவும் 1960இலிருந்து தொடங்கியது. உள்ளே ஒரு கூடத்தில் 32 மீட்டர் உயரத் தூண் நிற்கிறது, மேலிருந்து தொங்கியதும் கீழிருந்து வளர்ந்ததும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து ஒன்றானது. உலகின் மிகப் பெரிய குகைத் தூண்களில் ஒன்று. அதன் அடியில் நின்று தலையை நிமிர்த்திய அம்மா ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. வரலாற்றுக்கு முந்திய ஓவியங்கள் உள்ளே உண்டு, ஆனால் அந்தப் பகுதிக்குப் பார்வையாளரை விடுவதில்லை. அவற்றின் படங்களையும் கிடைத்த பொருட்களையும் ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

குகை ஊருக்குக் கிழக்கே மாரோ கிராமத்தருகே இருக்கிறது, பேருந்து உண்டு. நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள். ஜனவரி 1, மே 15 இரண்டு நாளும் மூடியிருக்கும். உள்ளே ஆண்டு முழுக்க மிதமான வெப்பம், ஈரம் அதிகம், படிகள் நூற்றுக்கணக்கில், எனவே வழுக்காத செருப்பு வேண்டும். அம்மா கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று முடித்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களால் முழுதும் பார்க்க முடியாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் விசாரிக்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். "பெஹெத்தாரியானோ" என்று சொன்னால் சில இடங்களில் ஆட்டுக்கறி மாட்டுக்கறி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அதூன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கறி வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம், மீன் வேண்டாம், சூரை மீன் வேண்டாம். சாதாரணக் கலவை சாலட்டில்கூடச் சூரை மீனைத் தூவிவிடுவார்கள். தக்காளியில் செய்யும் கெட்டியான குளிர் சூப் சல்மொரேஹோவின் மேல் பன்றித்தொடைத் துண்டும் முட்டையும் போடுவது வழக்கம். மரக்கறி பாயேயா (அகலச் சட்டியில் செய்யும் அரிசி உணவு) என்று எழுதியிருந்தாலும் வேகவைத்த நீர் எதனுடையது என்று கேளுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, கஸ்பாச்சோ என்ற நீர்த்த குளிர் தக்காளி சூப், பாதாமும் பூண்டும் அரைத்துத் திராட்சை போட்டுத் தரும் அஹோபிளாங்கோ, பொரித்த பச்சை மிளகாய். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்குத் தொர்த்தியா, அதாவது தடித்த ஆம்லெட், எல்லா இடத்திலும் கிடைக்கும். அப்புறம் கத்தரிக்காய்! மெல்லியதாக நறுக்கிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, "இது வெல்லப் பாகுடா" என்றார். ஆமாம், அதேதான். பெயரைப் பாருங்கள்: ஸ்பானியத்தில் சர்க்கரைக்கு "அசூகார்", அரபியின் "சுக்கர்" வழியாக, பாரசீகம் வழியாக, நம் சர்க்கரை என்ற சொல்லின் அதே வடமொழி வேருக்குத்தான் போகிறது. கத்தரிக்காய்க்கு அங்கே "பெரென்ஹேனா", அதையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அரபி, பாரசீகம், வடமொழி, கடைசியில் நம் பழைய வழுதுணைக்கு உறவான திராவிடச் சொல் வரைக்கும் போகும் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. ஒரு தட்டுக் கத்தரிக்காய்க்கு இவ்வளவு நீண்ட பயணம் என்று எண்ணும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

பழக்கடையில் சிரிமோயா கேளுங்கள், நம் சீத்தாப்பழத்துக்கு நெருங்கிய சொந்தம். இலையுதிர் காலத்தில் உள்ளூர் மாம்பழமும் கிடைக்கும். மலைச் சரிவெல்லாம் இப்போது வெண்ணெய்ப்பழத் தோப்பும் மாந்தோப்பும்தான். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இரவு ரசம் சாதத்துக்கும் வழி உண்டு, பருப்பும் அரிசியும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பொடிகளை மட்டும் கொண்டு போங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு?

எஸ்பெத்தோ. மத்தி மீனை வரிசையாகக் கோலில் கோத்து, கல்லுப்பு போட்டு, மணல் நிரப்பிய பழைய படகில் விறகு மூட்டி, அனலுக்குப் பக்கவாட்டில் நட்டுச் சுடுவார்கள். மசாலா கிடையாது, தேவையும் இல்லை. கையால் சாப்பிடுவதுதான் முறை. கோடை மாதங்களில் மத்தி கொழுத்திருக்கும், அப்போதுதான் ருசி. பூர்ரியானாவில் ஆயோ என்ற கடையில் பெரிய இரும்புச் சட்டியில் விறகடுப்பில் பாயேயா செய்கிறார்கள். 

மதியம் கடையெல்லாம் ஏன் மூடியிருக்கிறது?

சிறு கடைகள் இரண்டு மணி வாக்கில் மூடி ஐந்து மணிக்கு மேல் திறக்கும். மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து நான்கு வரை, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். அவர்கள் நேரத்துக்கு மாறிவிடுங்கள், இரண்டே நாளில் பழகிவிடும். மதிய நேரத்தில் "மெனு தெல் தியா" கேட்டால் இரண்டு வகை உணவும் இனிப்பும் சேர்த்து ஒரே விலையில் கிடைக்கும், வயிறும் நிறையும் பணமும் மிஞ்சும்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

மாரோ போகும் வழியில் ஆகிலா நீர்ப்பாலம், அதாவது கழுகுப் பாலம். பள்ளத்தாக்கின் குறுக்கே நான்கு அடுக்கு, 37 வளைவு. ரோமர் கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, 19ஆம் நூற்றாண்டில் மாரோவின் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டு போகக் கட்டியது. ஆலை பாழடைந்துவிட்டது, பாலத்தில் இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் ஓடுகிறது. சாலையோரம் பார்க்கும் இடம் இருக்கிறது, ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

அடுத்து ஃபிரிஹிலியானா, மலை மேல் வெள்ளைக் கிராமம், நெர்ஹாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், பேருந்தில் இருபது நிமிடத்துக்குள். கூழாங்கல் பதித்த சந்துகள், நீலக் கதவுகள், ஜெரேனியப் பூத்தொட்டிகள். எல்லோரும் பூத்தொட்டியைப் படமெடுப்பார்கள், நீங்கள் சுவர்களில் பதித்திருக்கும் பீங்கான் ஓட்டுப் பலகைகளையும் படியுங்கள். கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் எழுந்து போராடி, 1569இல் இந்த மலைப் பாறையில் தோற்று, கொல்லப்பட்டும் விரட்டப்பட்டும் போன கதை அதில் இருக்கிறது. அந்தத் தெருக்களைக் கட்டியவர்கள் அவர்கள்தான். கிராமத்தின் வாசலிலேயே இருக்கும் எல் இங்கேனியோ என்ற பழைய மாளிகையில் கரும்புப் பாகு காய்ச்சும் ஆலை இன்னும் நடக்கிறது. இந்தக் கடற்கரையில் கரும்பு வெட்டு 2006ஓடு முடிந்துவிட்டது, ஆலை மட்டும் நிற்கிறது. ஒரு புட்டி வாங்கிவாருங்கள், தோசைக்கும் நன்றாக இருக்கும்.

சில்லார் ஆற்றில் நடக்கலாமா?

படங்களில் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பது. பாறை இடுக்கு வழியாகக் கணுக்கால் தண்ணீரில் நடக்கிற அந்தப் பாதையை, காட்டுத்தீ அபாயம், கூட்டத்தால் ஆற்றுக்கு வரும் கேடு போன்ற காரணங்களால் மூடிவைப்பதுண்டு. போகிற வாரத்தில் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மூடியிருந்தால் வேலி தாண்டாதீர்கள், தயவுசெய்து.

கிரனாடா நகரத்தின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

வரலாம், களைத்துப்போவீர்கள். பேருந்தில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஓர் இரவு அங்கே தங்குவது நல்லது. அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு, பல வாரம் முன்பே தீர்ந்துவிடும், கடவுச்சீட்டு எண்ணோடு பதிவு செய்ய வேண்டும், அசல் கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போக வேண்டும். குறித்த அரைமணி நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

மொழி, பணம், பாதுகாப்பு?

ஆங்கிலம் நிறையப் பேருக்குத் தெரியும், இருந்தாலும் கடைக்குள் நுழைந்ததும் "ஓலா, புவேனாஸ்" சொல்லுங்கள், முகம் மலரும். அட்டை எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்வார்கள், பேருந்துக்கும் சின்னக் கடைக்கும் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். நெர்ஹாவில் இரவு பதினொரு மணிக்கும் அம்மாவும் நானும் பயமில்லாமல் நடந்தோம், மாலகாவிலும் கிரனாடாவிலும் நெரிசலில் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம், அம்மாவின் முழங்காலுக்குத் தடவும் மருந்து அங்கேதான் வாங்கினேன், பொறுமையாகக் கேட்டுத்தான் கொடுத்தார்கள்.

வயதானவர்களை அழைத்துப்போவது சரிவருமா?

சரிவரும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால். காலையில் குகை என்றால் மாலையில் பால்கனி பெஞ்சு மட்டும். பூர்ரியானாவுக்கு இறங்கும் சாலை செங்குத்து, டாக்சியில் போய் டாக்சியில் வாருங்கள், ஊருக்குள் கட்டணம் அதிகமில்லை. அம்மாவுக்கு ஒன்பது நாளில் மிகவும் பிடித்தது என்னவென்றால், பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் ஓர் ஸ்பானியப் பாட்டியோடு, இருவருக்கும் மற்றவர் மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல், முழங்காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தது. கடைசி நாள் அந்தப் பாட்டி ஒரு பையில் நான்கு சிரிமோயா கொண்டுவந்து கொடுத்தார். இரண்டை அங்கேயே சாப்பிட்டோம், மற்ற இரண்டையும் பேருந்தில்.